பென்சியன் அட்டையை முதலில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் ஒரு வாசகர், ஓய்வு பெற்ற ராணுவ வீரர்கள் எல்லாரும் தனியார் மருத்துவக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் கடைசிக் காலத்தில் பிள்ளைகளிடம் கையேந்த வேண்டி வரும் என்று எழுதியிருந்தார். அவர் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மறுபாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்திலிருந்து 1981-இல் மலேசிய ராணுவத்தில் சேர்ந்தவன் நான். அப்பா பால்வெட்டு, அம்மா வெளிக்காட்டு வேலை. 21 வருடம் முடித்து, 2002-இல் கார்ப்பரலாக வெளியே வந்தேன். அந்த 21 முக்கியம். சாதாரணச் சிப்பாய்க்கு அத்தனை வருடம் முடித்தால்தான் பென்சியன். பென்சியன் என்றால் மாதாமாதம் வரும் பணம் மட்டும்தான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் மட்டுமல்ல, எங்கள் ஊரில் பலர் இன்றும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

2009-இல் எனக்குத் தம்பி முறையாகும் ஒரு காப்புறுதி ஏஜண்ட் வீட்டுக்கு வந்தார். காப்பியைக் குடித்துக்கொண்டே, "அண்ணே, ஆஸ்பத்திரியில் படுத்தால் வீட்டை விற்கணும்" என்றார். பயம் வந்துவிட்டது. நானும் மனைவியும் ஆளுக்கொரு மெடிக்கல் கார்டு, அதாவது தனியார் மருத்துவக் காப்புறுதி, எடுத்தோம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் சட்டைப் பையில் இருந்த பென்சியன் அட்டையின் மதிப்பு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதன் மதிப்பு இதுதான். பென்சியன் வாங்கும் வீரருக்கும் மனைவிக்கும் அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். பிள்ளைகளுக்கு 18 வயது வரை, படித்துக்கொண்டிருந்தால் 21 வரை உண்டு. லூமுட், தெரெண்டாக், கோலாலம்பூர் துவாங்கு மிசான் ஆகிய ராணுவ மருத்துவமனைகளுக்கும் போகலாம். (போகலாம்தான். இங்கிருந்து லூமுட் போக ஈப்போவில் பஸ் மாற வேண்டும். மூட்டுவலிக்காரன் போய்த் திரும்புவதற்குள் வலி இரண்டு மடங்காகிவிடும்.) மருத்துவமனையில் இல்லாத மருந்து, கருவி போன்றவற்றுக்கு ராணுவ வீரர் விவகார இலாகா வழியாக, அதாவது நாங்கள் ஜே.எச்.இ.வி. என்று சொல்லும் இலாகா வழியாக, விண்ணப்பம் செய்யலாம்.

இந்தக் கடைசி விஷயத்தில் நான் பட்ட அடியைச் சொல்கிறேன். 1989 டிசம்பரில் கம்யூனிஸ்டுகளோடு ஹட்யாய் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை கிரிக் காடுகளில் ரோந்து சுற்றியவர்கள் நாங்கள். காட்டில் கேட்ட வெடிச்சத்தம் கொஞ்சம், பயிற்சித் திடலில் கேட்டது அதைவிட அதிகம். ஐம்பது தாண்டியதும் இடது காது கேட்கவில்லை. பேரன் கேலி செய்கிறானே என்று, ஈப்போவில் ஒரு கடைக்கு நேரே போய்க் கைக்காசு போட்டுக் காது கருவி வாங்கிவிட்டேன். ஆறு மாதம் கழித்து, என்னுடன் வேலை செய்த ஒருவர் சொன்னார்: முதலில் அரசாங்க மருத்துவமனையின் காது நிபுணர் பரிசோதித்து, தேவை என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் வாங்குவது. அவர் அப்படியே செய்து, கருவிக்கு உதவியும் பெற்றிருந்தார். என் ரசீது மட்டும் அலமாரியில் கிடக்கிறது. தவறு என்னுடையதுதான், அவசரப்பட்டேன்.

சரி, காப்புறுதிக்கு வருவோம். 2024 கடைசியில் சந்தா உயரப்போகிறது என்று கடிதம் வந்தது. தொகையைப் பார்த்து மனைவி, "இதென்ன, பென்சியன்ல பாதி போயிடும் போலிருக்கே" என்றாள். அந்த டிசம்பர் 20-ஆம் தேதி நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டது. உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும் என்றது. 60 வயதை எட்டி, தன் திட்டத்தின் ஆகக் குறைந்த வகையை வைத்திருப்பவர்களுக்கு ஓராண்டு உயர்வே கிடையாது என்றும் சொன்னது. எங்கள் கார்டு நடுத்தர வகை, அதனால் அந்தச் சலுகை எங்களுக்கு இல்லை.

அன்றைக்குத்தான் பாலிசிப் புத்தகத்தை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். 'இவற்றுக்குப் பணம் கிடையாது' என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, அதில் போரோடு சேர்த்து, ராணுவத்தில் நேரடிப் பணியில் இருக்கும்போது ஏற்படுவதற்கும் பணம் இல்லை என்று போட்டிருக்கிறது. இது பல மெடிக்கல் கார்டுகளில் உள்ள வழக்கமான வாசகம்தான். எனக்கு இனி அதனால் பாதிப்பில்லை. ஆனால் என் தங்கை மகன் கடற்படையில் இருக்கிறான், கல்யாணமான கையோடு இதே மாதிரி ஒரு கார்டு எடுத்திருக்கிறான். வேலை நேரத்தில் அடிபட்டால் ராணுவமே பார்த்துக்கொள்ளும், கவலையில்லை. ஆனால் எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று தெரியாமல் மாதாமாதம் பணம் கட்டுகிறானே.

அதற்காகக் கார்டை உடனே நிறுத்துங்கள் என்று சொல்ல வரவில்லை. இனிப்புநீர் (நீரிழிவு) வந்த பிறகு நிறுத்தினால், மறுபடி எடுப்பது குதிரைக்கொம்பு. எடுத்தாலும் பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும், ரத்த அழுத்தம், இருதயம், கட்டி போன்ற சிலவற்றுக்கு 120 நாள். நான் என் கார்டை வைத்துக்கொண்டேன், மனைவியுடையதைக் குறைந்த வகைக்கு மாற்றினேன். வேலைக்குப் போகும் வளர்ந்த பிள்ளைகளுக்குக் காப்புறுதி அவசியம், அவர்களுக்கு நம் அட்டை செல்லாது. அந்த வாசகர் சொன்னதில் நான் ஒப்புக்கொள்ளும் பாதி இதுதான்.

பத்து, பதின்மூன்று வருடத்தில் வெளியே வந்தவர்கள் நிலைமை வேறு. பென்சியன் இல்லை. என் மைத்துனர் அப்படி வந்து, செம்பனைத் தோட்டத்தில் காவல் வேலை பார்க்கிறார். சந்தா கட்ட அவரால் ஆகாது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் எஸ்.டி.ஆர். பண உதவி வாங்குவதால், 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பெக்கா பி40 திட்டத்தில் அவருக்கும் என் தங்கைக்கும் இலவச உடல் பரிசோதனை உண்டு. அறுவை சிகிச்சைக்குக் கருவி தேவைப்பட்டால் 20,000 ரிங்கிட் வரை உதவி கேட்கலாம். 2019-லிருந்து நடக்கும் திட்டம் இது. அவருக்குப் போன வருடம்தான் தெரியும்.

இன்னொன்று. எங்கள் வீட்டு வரிசையில் ஒரு விதவை அம்மா, கணவர் இறந்ததும் அவருடைய அட்டை, கடிதங்கள் எல்லாவற்றையும் எரித்துவிட்டார். "அவரே போயிட்டாரு, இனி இது எதுக்கு?" என்றார். விதவைக்கு பென்சியன் தொடரும், அதோடு சிகிச்சையும் தொடரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மறுபடி எல்லாவற்றையும் எடுக்க மாதக்கணக்கில் அலைந்தோம்.

இதற்கெல்லாம் நிரப்ப வேண்டிய பாரங்கள் (படிவங்கள்) எல்லாம் மலாயில் இருக்கின்றன. ராணுவத்தில் இருந்த எங்களுக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அந்தப் பாரத்துக்கு வேலை வரும்போது நாங்கள் வார்டில் படுத்திருப்போம், அல்லது இருக்கவே மாட்டோம். நிரப்ப வேண்டியவர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற மனைவி. ஆகவே எந்தச் சலுகைக்கு எந்தப் பாரம், யார் கையெழுத்து, என்ன நகல் என்று உங்கள் பத்திரிகையில் ஒரு பக்கம் தமிழில் போடுங்கள். விவரம் சேர்க்க நானும் என்னுடன் வேலை செய்தவர்களும் உதவுகிறோம். வெட்டி வைத்துக்கொள்ளும்படி போடுங்கள், எழுத்தும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கார்ப்பரல்,
சுங்கை சிப்புட், பேராக்