ஆடிப்பட்டமும் அலாட்மென்ட் உருளைக்கிழங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வீட்டுத்தோட்டப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவள் நான், ஆனால் ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். அதில் வரும் பட்டம், மாதம் எல்லாமே ஊர்க்கணக்கு. பிரிட்டனில் கவுன்சிலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்துக்கிடந்து ஒரு அலாட்மென்ட் துண்டு (காய்கறி போட வாடகைக்குக் கொடுக்கும் சிறு நிலம்) வாங்கினவர்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. விதைக்கிழங்கு வாங்கும் நேரம் என்பதால் இதை இப்போதே எழுதுகிறேன்.

புதிதாகத் துண்டு கிடைத்தவர்கள் முதல் வேலையாகப் பாதி நிலத்தில் உருளைக்கிழங்கை நட்டுவிடுகிறார்கள். உருளை போட்டால் களை போய் மண் சுத்தமாகும் என்று பக்கத்துத் துண்டுக்காரர் யாராவது சொல்லியிருப்பார் (சுத்தம் செய்வது கிழங்கு இல்லை, தோண்டி மண் அணைக்கும் நம் முதுகுதான்). ரகமும் கடையில் பார்த்துப் பழகின பெயராக மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட் என்றே போகும். இரண்டும் நல்ல கிழங்கு, மறுக்கவில்லை. ஆனால் இரண்டுமே பின்பருவ ரகம். ஏப்ரலில் நட்டால் இருபது வாரம் வரை மண்ணில் கிடக்கவேண்டும், அதற்குள் ஜூலை, ஆகஸ்டில் கருகல் நோய் வந்து சேர்ந்துவிடும்.

அந்த நோய்க்குப் பெரிதாக ஒன்றும் தேவையில்லை. அடுத்தடுத்து இரண்டு நாள் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்காமல், ஒவ்வொரு நாளும் ஆறு மணி நேரமாவது காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும், கருகல் எச்சரிக்கை வந்துவிடும். இந்த நாட்டுக் கோடையில் அதற்கா பஞ்சம்? இலை ஓரத்தில் தண்ணீர் பட்டதுபோல ஒரு பழுப்புத் திட்டு தெரியும், காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளையாகப் பூத்திருக்கும், அப்புறம் சில நாளில் வரிசை முழுக்கச் சாய்ந்து நாறும். பெரிய விவசாயிகள் மருந்தடித்துத் தப்பித்துக்கொள்கிறார்கள். வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு இதற்கென்று அனுமதித்த பூஞ்சைக்கொல்லி எதுவும் இங்கே கடையில் இல்லை. செடியைத் தரையோடு வெட்டி அப்புறப்படுத்தி, இரண்டு வாரமாவது பொறுத்துக் கிழங்கைத் தோண்டுவதுதான் நம்மால் முடிந்தது.

அதனால் நான் சொல்வது, முன்பருவ ரகங்களைப் போடுங்கள். ஸ்விஃப்ட், ராக்கெட், அரன் பைலட் எல்லாம் 10 முதல் 12 வாரத்தில் தோண்டலாம். மார்ச் கடைசியில் நட்டால் ஜூன் கடைசிக்குள் கிழங்கு கைக்கு வந்துவிடும், நோய் வரும்போது செடியே இருக்காது. மகசூல் குறைவுதான். ஆனால் மூட்டைக் கிழங்கு கடையில் எப்போதும் மலிவு, புதுக்கிழங்கின் ருசிதான் கடையில் கிடைக்காது. கொஞ்சம் பின்னால் வரும் சார்லட் கறியில் கரையாமல் நிற்கும், பிரட்டலுக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை. குளிர்காலத்துக்குச் சேமித்துத்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு வரிசை சார்போ மிரா போடலாம். ஹங்கேரியில் சார்வாரி குடும்பத்தார் உருவாக்கிய ரகம், கருகலை நன்றாகவே தாங்கும், செடிதான் காடுபோல வளர்ந்து வழியை அடைக்கும்.

சமையலறையில் முளைவிட்ட கிழங்கை நடுவது வேண்டாம், வைரஸ் இருந்தால் பார்த்துத் தெரியாது. சான்றளித்த விதைக்கிழங்கே வாங்குங்கள். கண்கள் கூடியிருக்கும் முனை மேலே பார்க்க முட்டை அட்டையில் அடுக்கி, வெளிச்சமும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் வைத்தால் குட்டையாக, தடித்த முளை வரும். இருட்டில் வைத்தால் வெளுத்து நீண்டு, நடும்போதே ஒடிந்துபோகும்.

இனி ஆடிக்கு வருகிறேன். உருளைக்கு இங்கே ஆடி ஆபத்தான மாதம். ஆனால் முன்பருவக் கிழங்கைத் தோண்டிய இடம் ஆடி பிறக்கும்போது காலியாக, மண் பொலபொலவென்று இருக்கும். அதில் பீட்ரூட், வெந்தயக்கீரை, கொத்தமல்லி விதைக்கலாம், லீக்ஸ் நாற்று நடலாம். கொத்தமல்லி வசந்தத்தில் போட்டால் சீக்கிரம் பூத்துவிடும், ஆடியில் போட்டால் நின்று இலை கொடுக்கும். ஆக, ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ இங்கேயும் செல்லும், முன்பருவக் கிழங்கு போட்டவர்களுக்கு மட்டும்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக: பூண்டு அக்டோபர், நவம்பரில். பூசணி, பீன்ஸ், தண்டுக்கீரை எல்லாம் உறைபனி முடிந்தபிறகு. தக்காளியும் உருளையும் ஒரே குடும்பம், ஒரே நோய், பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். பாகல், புடலை வேண்டும் என்றால் கண்ணாடிக்கூடு வேண்டும். முருங்கையைப் பற்றி தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள்.

அடுத்த ஆண்டாவது ஜனவரி இதழிலேயே இந்த நாட்டு நடவு அட்டவணை ஒன்று போடுங்கள். ஸ்காட்லாந்து வாசகர்களுக்குத் தேதி சில வாரம் தள்ளிப்போகும், அதையும் தனியாகக் குறிப்பிட்டால் நல்லது.

இப்படிக்கு,
அலாட்மென்ட் வாசகி ஒருத்தி