கோழி வளர்க்கும் நம் ஊர்க்காரர்களுக்கு, கிராம சபைக்கு முன் ஒரு மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும், வீட்டில் நாலு கோழியாவது வைத்திருக்கும் அக்கா, அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம்.

வருகிற ஜனவரி 26 கிராம சபையில் குடிதண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் பேசுவோம். அதோடு கோழிக்கும் ஒரு பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். கோழியால் வந்த சண்டையில் முகம் பார்த்துப் பேசாமல் போன குடும்பங்கள் நம் தெருவிலேயே உண்டு. நல்லது கெட்டதுக்குக்கூட ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை.

எங்கள் கொல்லையில் நடப்பதைச் சொல்கிறேன். கூண்டைத் திறந்து கம்பும் உடைத்த சோளமும் இறைத்த உடனே பக்கத்து வீட்டுச் சேவல் வேலியைத் தாண்டி வந்துவிடுகிறது. தீனியைத் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். குஞ்சுகளோடு மேய்கிற தாய்க்கோழியை அது ஓட ஓட விரட்டுகிறது. பின்னாலேயே வருகிற பெட்டைகள் குஞ்சுகளைத் தலையிலேயே கொத்துகின்றன. அண்மையில் எங்கள் சேவலும் அந்தச் சேவலும் கட்டிப் புரண்டதில், எங்கள் சேவலின் கொண்டை நடுவில் கிழிந்து தொங்கியது. வழிந்த ரத்தம் ஒரு கண்ணை ஒட்டவைத்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்தால் கூட இருக்கிற கோழிகளே கொத்த வரும் என்பது உங்களுக்குத் தெரியும். வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவி, பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்துத் தனியாக வைத்துத்தான் அதைத் தேற்றினோம்.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "கோழின்னா நாலு இடம் மேயத்தான் செய்யும், கட்டியா போட முடியும்?" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கரையானும் புழுவும் கீரையும் சிந்திய தானியமும் பொறுக்கித் தின்பதால்தான் நாட்டுக்கோழி நமக்குக் கட்டுப்படியாகிறது. நாள் முழுக்க அடைத்துப் போட்டுத் தீனி வாங்கிக் கொடுத்தால் முட்டை விற்ற காசு அதற்கே சரியாகிவிடும். அதனால் எல்லோரும் கோழியை அடையுங்கள் என்று நான் கேட்கவில்லை.

நான் பயப்படுவது சீக்குக்கு. வெள்ளைக்கழிச்சல் வந்த கோழி இறக்கையைத் தொங்கப் போட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கடைசியில் கழுத்து முறுக்கிக்கொண்டு சாவதைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். நோய் உள்ளே போய் வெளியே தெரிய ஐந்தாறு நாள் ஆகலாம், சில நேரம் இரண்டு வாரம்கூட ஆகும். அதற்குள் அந்தக் கோழி எத்தனை கொல்லையில் மேய்ந்திருக்கும்! அதன் எச்சத்திலும் மூக்குச்சளியிலும் கிருமி இருக்கிறது. பொதுத் தண்ணீர்த் தொட்டி, தீனித் தட்டு, நம் செருப்பு, எதில் வேண்டுமானாலும் அது அடுத்த வீட்டுக்குப் போகும். வந்துவிட்டால் மருந்து கிடையாது, முன்கூட்டியே தடுப்பூசி போட்டால்தான் உண்டு.

"நீதான் ஊசி போட்டுவிட்டாயே, உனக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் விடும் சொட்டு மருந்து கொஞ்ச காலத்துக்குத்தான் காக்கும். இறக்கையில் போடும் ஊசிக்கு எட்டு வாரமாவது ஆக வேண்டும். இடைப்பட்ட வயதில் இருக்கும் குஞ்சுகள் ஊர்க்கோழியின் நோய்க்கு நேராக மாட்டுகின்றன. ஒரு வீடு மட்டும் ஊசி போட்டுப் போதாது.

சட்டம் வழியாகத் தீர்க்கலாமா என்றும் பார்த்தேன். பயிரை மேய்கிற கால்நடையைப் பிடித்துப் பவுண்டில், அதாவது அரசுப் பட்டியில், அடைக்க 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அதன் பட்டியலில் மாடு, ஆடு, பன்றி, கழுதை, யானை, ஒட்டகம்கூட இருக்கிறது. கோழி இல்லை. ஆகவே நாமே கூடிப் பேசித்தான் ஆக வேண்டும். கோபத்தில் அரிசியில் மருந்து கலந்து வைக்கும் வேலை மட்டும் நம் ஊரில் நடக்கவே கூடாது. அது சிறைக்குப் போகும் குற்றம். அந்த அரிசியை மயிலும் காக்கையும் தின்னும், செத்த கோழியை நாய் தின்னும்.

இப்போது நான் கேட்பது. கால்நடைத் துறை பிப்ரவரியில் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல், அதாவது இந்த வெள்ளைக்கழிச்சல், தடுப்பூசி முகாம் நடத்துகிறது. ஊசி இலவசம். ஆனால் நம் தெருவுக்கு அவர்கள் வந்து சேரும்போது வெயில் ஏறி, கோழியெல்லாம் காட்டுக்குப் போயிருக்கிறது. கையில் சிக்கியதுக்கு மட்டும் போட்டுவிட்டுப் போகிறார்கள். கூண்டைத் திறக்கும் முன், விடிகாலையில் போட்டால் ஒன்று விடாமல் பிடித்துக் கொடுக்கலாம். கரைத்த மருந்தை ஐஸில் வைத்து ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஒரு குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கான அளவில் வருகிறது. ஐந்து கோழி வைத்திருக்கும் வீட்டுக்குத் தனியாக அது கட்டாது. தெருவே சேர்ந்தால் ஒரு சொட்டு வீணாகாது. ஆகவே, முகாமில் ஒரு நாளை நம் ஊருக்கு விடிகாலையில் வைத்துத் தர வேண்டும் என்று ஜனவரி 26 அன்று தீர்மானம் போட்டு, கால்நடை மருந்தகத்துக்கு எழுத்தில் கொடுப்போம். ஒரு வாரம் முன்னதாகக் குடற்புழு மருந்து கொடுத்துவிட்டால் ஊசி நன்றாகப் பிடிக்கும்.

சேவல் விஷயமும் இருக்கிறது. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் தாராளம். சில வீடுகளில் மூன்று நான்கு சேவல் நிற்கிறது. அவைதான் அடுத்த வீட்டுப் பெட்டையைத் தேடி வேலி தாண்டுகின்றன. மிச்சத்தைப் பொங்கல், கறிநாள் விலைக்குக் கொடுத்துவிடலாம். வைத்துக்கொள்ளும் சேவலுக்கு ஒரு பக்கத்து இறக்கையில் மட்டும் நீள இறகுகளைக் கத்தரித்துவிட்டால் வேலி தாண்டாது. முளைத்து முடித்த இறகாக இருந்தால் வலியோ ரத்தமோ இல்லை. இறகு உதிர்த்து முளைக்கும்போது திரும்ப வளர்ந்துவிடும். சாயங்காலத் தீனியைத் தினமும் ஒரே நேரத்தில் அவரவர் வாசலில் போட்டால் கோழி அடையவும் முட்டையிடவும் சொந்தக் கூண்டுக்கே வரும். யார் வீட்டு முட்டை என்கிற தகராறும் பாதி குறையும்.

சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியாகப் பஞ்சாரத்தில் வைத்துப் பார்த்த பிறகு மற்றதோடு விடுங்கள். சீக்கு வந்ததை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள். செத்ததை ஓடையில் வீசாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். இதை ஊர்க் கட்டுப்பாடாகவே வைத்தாலும் நான் வரவேற்பேன்.

பக்கத்து வீட்டு அண்ணனுக்குத் தனியாக ஒன்று. உங்கள் சேவலுக்கு இறகு வெட்ட நீங்கள் பிடித்துக்கொண்டால் போதும், கத்தரிக்கோலோடு நான் வருகிறேன். ஊசி போடும் அன்றைக்கு ஐஸ் பெட்டி எங்கள் வீட்டிலிருந்து வரும். வீடு வீடாகக் கோழிக் கணக்கு எழுத இரண்டு பிள்ளைகளை யாராவது அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
மேலத்தெருவில் கோழி வளர்க்கும் ஒருத்தி