ஒட்டுப்படமும் போலிப்படமும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டு புகைப்படங்களை வெட்டி ஒட்டினாலே அது பொய்ப்படம் என்ற எண்ணம் இப்போது பரவலாகிவிட்டது. செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் போலிப்படங்கள் மீதான பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயத்தில் போட்டோமான்டேஜ், அதாவது புகைப்படத் துண்டுகளை வெட்டி ஒட்டிப் புதுப்படம் ஆக்கும் ஒட்டுப்படம் என்ற துணிச்சலான விமர்சனக் கலையையும் சேர்த்து ஒதுக்கிவிடக் கூடாது.

1932இல் ஜெர்மனியில் ஜான் ஹார்ட்ஃபீல்ட் என்ற ஒட்டுப்படக் கலைஞர் செய்த படத்தைப் பாருங்கள். முழங்கிக்கொண்டிருக்கும் ஹிட்லரின் உடலின் உட்புறம் எக்ஸ்ரேயில் தெரிவதுபோலத் தெரிகிறது. முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் அடுக்கடுக்காகத் தங்க நாணயங்கள்! பெருமுதலாளிகளின் பணம்தான் அவரை நிமிர்த்தி வைத்திருக்கிறது என்பது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். அதை நிஜ எக்ஸ்ரே என்று யாரும் நம்பப் போவதில்லை. ஒட்டியது ஒட்டியதாகவே தெரிவதுதான் இந்தக் கலையின் நேர்மை. போலிப்படமோ அதை மறைத்தே பிழைக்கிறது. 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஹார்ட்ஃபீல்ட் பிராக் நகருக்குத் தப்பியோட வேண்டியிருந்தது. அங்கிருந்தும் அவர் கத்தரியைக் கீழே வைக்கவில்லை.

அப்புறம் வியட்நாம் போர்க்காலத்தில், அமெரிக்கக் கலைஞர் மார்த்தா ரோஸ்லர் பளபளப்பான வரவேற்பறைப் படங்களுக்குள் போர்க்காட்சிகளை ஒட்டினார். இதழ்களின் தனித்தனிப் பக்கங்களில் பார்த்துக் கடந்துபோனதை, ஒரே சட்டகத்தில் பார்க்கும்போது கடக்க முடியவில்லை.

இவர்களைப் பற்றியும், மரபான கலையைக் கேலி செய்த பெர்லின் டாடா கலை இயக்கத்தின் ஒட்டுப்படக் கலைஞர் ஹன்னா ஹோஹ் பற்றியும் தங்கள் ஞாயிறு இதழில் படங்களோடு ஒரு தொடர் வெளியிட வேண்டுகிறேன். கேலிச்சித்திரத்துக்குத் தரும் இடத்தை அவ்வப்போது ஒட்டுப்படத்துக்கும் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்