தெரியாத நம்பரை எடுக்காமல் இருக்க எங்களால் முடியாது

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்,
புது தில்லி.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். உடுமலைப்பேட்டைப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். போர்வெல் மோட்டார், கிணற்று மோட்டார், எது எரிந்தாலும் என்னிடம் வரும். விளம்பர அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் கட்டுப்படுத்தும் பொறுப்பு உங்கள் ஆணையத்திடம் இருப்பதால் இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுதுகிறேன். எங்களைப் போன்றவர்களும் படிக்க வேண்டும் என்பதால் எல்லோர் பார்வைக்கும் வைக்கிறேன்.

இந்த விளம்பர அழைப்புத் தொல்லையைப் பற்றி யாரிடம் சொன்னாலும், "தெரியாத நம்பர் வந்தா எடுக்காம விட்டுடுங்க" என்கிறார்கள். ஆபீஸ் வேலைக்குப் போகிறவருக்கு அது சரியாக வரலாம். எனக்கு வராது. என் பிழைப்பே தெரியாத நம்பரில்தான் வருகிறது. ராத்திரி பத்து மணிக்கு மோட்டார் நின்றுபோன விவசாயி, பக்கத்துத் தோட்டத்துக்காரர் போனை வாங்கிக் கூப்பிடுவார். அவர் பெயர் என் போனில் இருக்காது. ஆட்டோ ஓட்டுகிறவர், சமையல் மாஸ்டர், கொத்தனார், பிணவண்டி ஓட்டுகிறவர், தையல்கடை அக்கா என்று எல்லோருடைய நிலையும் இதுதான். எங்களுக்கு அடுத்த வேலை என்பது, பெயரில்லாமல் அடிக்கும் ஒரு போன்.

நம்பரை மாற்றிவிடலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். வேலை முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியிலும் வெள்ளைப் பெயின்டில் என் நம்பரை எழுதிவிடுவேன். பதினெட்டு வருடமாக எழுதியிருக்கிறேன். எத்தனை தோட்டத்து மோட்டார் ரூமில் அந்த நம்பர் இருக்கிறது என்று எனக்கே கணக்குத் தெரியாது. அதை எப்படி மாற்றுவது?

தண்ணீருக்குள் இறங்கி ஓடும் ஒரு சப்மெர்சிபிள் மோட்டாருக்குக் காயில் கட்டுவது எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்டரில், அதாவது மோட்டாரின் சுற்றாத வெளிப்பகுதியில், உள்ள நீளமான ஸ்லாட்டுகளுக்குள் பிளாஸ்டிக் உறை போட்ட ஒயரைக் கையால்தான் நுழைத்து இழுக்க வேண்டும். இந்தப் பக்கம் நான் விட, அந்தப் பக்கம் பையன் வாங்கித் திருப்பி விடுவான். ஒவ்வொரு இழுப்புக்கும் வாய் எண்ணிக்கொண்டே இருக்கும். உறையில் ஒரு கீறல் விழுந்தாலோ, எண்ணிக்கையில் ஒரு சுற்று தவறினாலோ, தண்ணீருக்குள் இறக்கிய பிறகுதான் தெரியும். போன் அடித்தால் நிறுத்தி, எத்தனையாவது சுற்று என்று சுவரில் சாக்பீஸால் குறித்துவிட்டு, கையைத் துடைத்துவிட்டு எடுக்கிறேன். "சார், உங்களுக்கு பர்சனல் லோன் அப்ரூவ் ஆகியிருக்கு" என்கிறது ஒரு குரல். வைத்துவிட்டு வந்து உட்கார்கிறேன். அரைமணியில் கோயம்புத்தூர் புறநகரில் மனை. அதற்கடுத்து எடுத்தால் சத்தமே இல்லை. ஹலோ ஹலோ என்று இரண்டு முறை சொன்னதும் அதுவே கட்டாகிவிடுகிறது.

பேசுகிற பிள்ளைகள் மீது எனக்குக் கோபம் கிடையாது. எங்கள் தெருப் பெண் ஒருத்தி அந்த வேலைக்குப் போய்வந்தவள்தான். நம்பரை அவள் அடிப்பதில்லை, கம்ப்யூட்டர் அடிக்கும், யார் எடுத்தார்களோ அந்த லைன் அவள் காதுக்கு வரும் என்றாள். ஒரே நேரத்தில் பல பேருக்கு அடித்துவிடுமாம். எடுத்தவர்கள் அதிகமாகிப் பேச ஆள் இல்லையென்றால் அந்த லைன் ஊமையாகத்தான் கிடக்கும். நான் ஹலோ சொன்ன அந்த வெறும் போன்களுக்குக் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாள் முழுக்க யார் யாரோ திட்டுவதைக் கேட்டுவிட்டு, சாயங்காலம் தலைவலியோடு பஸ் ஏறுவாள். அவளைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.

போன வருடம் சித்திரை மாதம். காலையிலிருந்து இந்த மாதிரி எட்டு அழைப்பு வந்துவிட்டது. ஒன்பதாவதும் ஒரு புது நம்பர். எடுக்காமல் கட் செய்தேன். மறுபடி அடித்தது, மறுபடியும் கட் செய்தேன். அது பெரியகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா. தக்காளி நாற்று நட்டு மூன்றாம் நாள் மோட்டார் நின்றுவிட்டது. அவர் போனில் சார்ஜ் இல்லாததால் பால்காரர் போனை வாங்கி அடித்திருக்கிறார். மறுநாள் காலையில் நேராகக் கடைக்கே வந்துவிட்டார். "ரெண்டு தடவை கூப்பிட்டேனுங்க, கட் பண்ணிட்டீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. மத்தியானத்துக்குள் மோட்டாரை ஓட வைத்துவிட்டேன். ஆனால் சொட்டுநீர்க் குழாய் ஓரமாக நாற்று பாதிக்கு மேல் சாய்ந்து கிடந்தது. கூலி வாங்கவில்லை. வாங்கக் கை வரவில்லை.

உங்கள் ஆணையம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2007-லேயே 'அழைக்க வேண்டாம்' பதிவேட்டுக்கு விதி போட்டீர்கள். 2010-இல் விதிகளை இறுக்கினீர்கள். விளம்பர அழைப்பு என்று பார்த்ததுமே தெரிகிற மாதிரி 140-இல் தொடங்கும் எண்கள் வந்தன. 2018-இல் குறுஞ்செய்தி அனுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிய வேண்டும் என்று கொண்டுவந்தீர்கள். நானும் எந்த விளம்பரமும் வேண்டாம் என்று 1909 என்ற எண்ணுக்கு 'ஸ்டார்ட் 0' என்று குறுஞ்செய்தி அனுப்பிப் பதிந்தவன்தான். 140 எண்கள் குறைந்தது உண்மை. ஆனால் அந்த இடத்தில் சாதாரணப் பத்து இலக்க எண்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. விதிக்கு அடங்குகிறவர் அடங்கிவிட்டார். அடங்காதவர் நம்மைப் போலவே சிம் வாங்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறார். 2024-இன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் பதிவு செய்யாத விளம்பரக்காரர்கள் மீது 7.9 லட்சத்துக்கும் அதிகமான புகார்கள் வந்ததாக நீங்களே அறிவித்தீர்கள். அது 1909 என்ற எண் இருப்பது தெரிந்து, உட்கார்ந்து புகார் எழுதியவர்களின் கணக்கு. எங்கள் கடைத்தெருவில் விசாரித்துப் பார்த்தேன், அந்த எண்ணைக் கேள்விப்பட்டவர் மொபைல் ரீசார்ஜ் கடைக்காரர் ஒருவர்தான்.

அந்த ஆகஸ்டில் நீங்கள் போட்ட உத்தரவுக்கு மனதார நன்றி சொல்கிறேன். பதிவு செய்யாமல் அழைக்கும் விளம்பரக்காரர்களின் இணைப்புகள் அத்தனையையும் துண்டித்து, இரண்டு வருடம் வரை கறுப்புப் பட்டியலில் வைக்கச் சொன்னீர்கள். சில வாரங்களிலேயே 2.75 லட்சம் எண்கள் துண்டிக்கப்பட்டன என்று செய்தி வந்தது. கொஞ்ச நாள் கடையில் நிம்மதியாக எண்ணி வேலை செய்ய முடிந்தது. பிறகு பழையபடி ஆரம்பித்துவிட்டது.

2025 பிப்ரவரியில் விதியைத் திருத்தி, மூன்று நாளுக்குள் கொடுக்க வேண்டிய புகாரை ஏழு நாளுக்குள் கொடுக்கலாம் என்றும், 'வேண்டாம்' என்று முன்பே பதியாதவரும் புகார் தரலாம் என்றும் ஆக்கினீர்கள். 10 நாளில் 5 புகார் வந்தாலே நடவடிக்கை என்றும் வைத்தீர்கள். முன்பு 7 நாளில் 10 புகார் வேண்டும். இதெல்லாம் நல்ல மாற்றம்தான். ஆனாலும் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மனை விற்பவர் ஒருவரின் நம்பரைப் பற்றி, தேதி போட்டு, பேசியது என்ன என்று எழுதி 1909-க்கு அனுப்பினேன். சில நாளில் புகார் முடித்துவைக்கப்பட்டது என்று என் சிம் நிறுவனத்திடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. என் மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். என்ன விசாரித்தார்கள், அந்த ஆளை என்ன செய்தார்கள் என்று அதில் ஒரு வரி இல்லை. அதே மனை, அதே பேச்சு, அடுத்த வாரம் வேறு நம்பரிலிருந்து வந்தது.

கோளாறு இருப்பது இந்த இடத்தில்தான் என்று எனக்குப் படுகிறது. என் புகாரை என் நிறுவனம் வாங்கி, அழைத்தவருடைய நிறுவனத்துக்கு அனுப்புகிறது. அங்கே விசாரிப்பது, அவருக்கு அந்த இணைப்பைக் கொடுத்து மாதாமாதம் காசு வாங்கும் அதே நிறுவனம். வேண்டாத அழைப்புகளின் எண்ணிக்கையைத் தவறாகக் காட்டும் நிறுவனத்துக்கு முதல் முறை 2 லட்சம், இரண்டாம் முறை 5 லட்சம், அதற்குமேல் ஒவ்வொரு முறைக்கும் 10 லட்சம் என்று அபராதம் வைத்திருக்கிறீர்கள். என் மோட்டார் கடை மொத்தமுமே 10 லட்சத்துக்கு வராது. கோடிக்கணக்கான சிம் வைத்திருப்பவர்களுக்கு அது என்ன தொகை? முடித்துவைத்த புகார்களில் குறிப்பிட்ட அளவையாவது ஆணையமே எடுத்து, புகார் கொடுத்தவருக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும்.

இன்னொன்று, சிம்மைத் துரத்துவதை விட்டு, அந்த அழைப்பால் யாருக்கு வியாபாரம் நடக்கிறதோ அவரைப் பிடியுங்கள். சிம் மாறும், மனை மாறாது. லே-அவுட் போட்டவர் பெயர் பேனரில் இருக்கிறது. லோன் கொடுப்பவர் பெயர் கடன் பத்திரத்தில் இருக்கிறது. "நான் யாரையும் அழைக்கச் சொல்லவில்லை, ஏஜென்ட் செய்தது" என்று அவர் கைகழுவ முடியாதபடி செய்யுங்கள். புகாரில் 'எந்த நம்பர்' என்று கேட்பதோடு 'யாருடைய பொருளை விற்றார்கள்' என்றும் கேளுங்கள். வேறு வேறு நம்பர் மீது வந்த புகார்களாக இருந்தாலும் பொருள் ஒன்றென்றால் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேருங்கள். இல்லாவிட்டால் ஒரே நம்பருக்கு எதிராகப் பத்து நாளில் ஐந்து பேர் எங்கே சேர்வது?

எல்லாவற்றுக்கும் மேலாக நான் கேட்பது ஒன்றுதான். 'வேண்டாம்' என்று பதிந்தவர் தவிர மற்ற எல்லோரையும் அழைக்கலாம் என்பதுதான் இன்றைக்கு ஏற்பாடு. இதைத் தலைகீழாக்குங்கள். 'வேண்டும்' என்று சொன்னவரை மட்டும் அழைக்கட்டும். எங்கள் பக்கம் தோட்டத்து வீட்டுக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் வேலிப் படலோரம் நின்று குரல் கொடுப்பார். உள்ளிருந்து 'வாங்க' என்று பதில் வந்த பிறகுதான் உள்ளே காலடி வைப்பார். வராதே என்று எழுதித் தொங்கவிடாததால் வந்தேன் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஒப்புதலைப் பதிந்துவைக்கும் டிஜிட்டல் முறைக்கு 2023 ஜூனிலேயே நீங்கள் உத்தரவு போட்டிருக்கிறீர்கள். அதை விரைந்து எல்லோருக்கும் கொண்டுவாருங்கள். ஜவுளிக்கடை பில் போடும் இடத்தில் நம்பர் கேட்கிறார்கள். பொருட்காட்சியில் குலுக்கல் சீட்டு என்று எழுதி வாங்குகிறார்கள். நம்பர் கொடுத்தாலே எல்லாவற்றுக்கும் சம்மதித்ததாக வைத்துக்கொள்கிறார்கள். யார் யாருக்கு நான் சம்மதம் கொடுத்திருக்கிறேன் என்று ஒரே இடத்தில், தமிழில், எனக்குத் தெரிய வேண்டும். வேண்டாதவரை அங்கேயே ஒரு அழுத்தில் நீக்க முடிய வேண்டும்.

குறுஞ்செய்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அனுப்புகிறவர் பெயரின் கடைசியில் பி (P) என்ற ஆங்கில எழுத்து இருந்தால் விளம்பரம், எஸ் (S) என்றால் சேவை, டி (T) என்றால் பரிவர்த்தனை, ஜி (G) என்றால் அரசு என்று இப்போது அடையாளம் வந்திருக்கிறது. விளம்பரம் செய்வதற்கு 140, வங்கி முதலானவை சேவைக்காக அழைப்பதற்கு 1600 என்று எண்ணையும் பிரித்திருக்கிறீர்கள். இவ்வளவு உபயோகமான விஷயத்தை எங்களுக்கு யார் சொன்னார்கள்? என் அம்மாவின் போனில் கேஸ் சிலிண்டர் ஓடிபி, நூறு விளம்பரத்துக்கு நடுவே கிடக்கும். சிலிண்டர்காரர் வாசலில் நிற்க, அம்மா தேடிக்கொண்டிருப்பார். இந்த நான்கு எழுத்தையும் இரண்டு எண்ணையும் 1909-ஐயும் தமிழில் அச்சடித்து ரேஷன் கடையிலும் தபால் ஆபீஸிலும் ஒட்டச் செய்யுங்கள். புகாருக்கான பதிலும் தமிழிலேயே வரட்டும். வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரம் உங்கள் இந்த விதிகளுக்குள் வராது என்று அறிகிறேன். இங்கே கதவை அடைத்தால் அங்கே போய் நிற்பார்கள், அதனால் மத்திய அரசிடம் பேசி அதையும் விதிக்குள் கொண்டுவர வேண்டுகிறேன்.

அந்தத் தக்காளித் தோட்டத்து அம்மாவின் நம்பரையும், அவருக்குப் போன் கொடுத்த பால்காரர் நம்பரையும் பெயர் போட்டுப் பதிந்துவைத்திருக்கிறேன். இனி அவர்கள் கூப்பிட்டால் தெரிந்துவிடும். அடுத்து யார், யாருடைய போனை வாங்கிக் கூப்பிடுவார் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் போனை நான் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் தொழிலாளி,
உடுமலைப்பேட்டை வட்டாரம்.