‘ஐ’ செல்லாது என்று சொன்ன செயலிக்காரர்களுக்கு

தமிழ்ச் சொல்விளையாட்டுச் செயலிகளை ஆக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகள் கைப்பேசியில் உங்களில் ஒருவர் செய்த விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தாள். கலைந்து கிடக்கும் எழுத்துகளைக் கோத்துச் சொல் ஆக்க வேண்டும். ‘பூ’ போட்டாள், ஏற்றுக்கொண்டது. ‘தை’ போட்டாள், அதுவும் சரி. ‘ஐ’ போட்டதும் திரை சிவந்து, குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்றது. “அப்போ பூ எத்தனை எழுத்து மாமா?” என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. கணினி எழுத்துகளைக் குறியீடுகளாக வைத்துக்கொள்ளும் முறையான யூனிகோடில் ‘பூ’ என்பது பகரம் ஒன்று, ஊகாரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகள். ‘ஐ’ ஒரே குறியீடு. செயலி எண்ணியது எழுத்தை அல்ல, குறியீட்டை. அந்தக் கணக்கில் ‘அம்மா’ ஐந்தெழுத்து! ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட மூன்று விரலைத்தான் மடக்கும்.

இந்தக் கணக்கைத் திருத்துவது உங்களுக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் கணக்கை மட்டும் திருத்திவிட்டு விதியை அப்படியே விட்டால் பூவும் தையும் கையும் தீயும் சேர்ந்து வெளியே போய்விடும். அதனால்தான் இந்த மடல். இரண்டெழுத்து விதி தமிழுக்கு உரியதல்ல. ‘நெட்டெழுத்து ஏழே ஓரெழுத்து ஒருமொழி’ என்கிறது தொல்காப்பியம். நன்னூல் இன்னும் ஒரு படி மேலே போய் எண்ணியே வைத்திருக்கிறது: ‘ஓரெழுத் தியல்பதம் ஆறேழ்’. ஆறேழு நாற்பத்திரண்டு. பவணந்தி முனிவர் கணக்கிலும் ஒரு சொல்லாட்டம் ஆடியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அதில் 40 நெடில், ‘நொ’, ‘து’ என்ற இரண்டு மட்டும் குறில்.

‘ஐ’யை எடுத்துக்கொள்ளுங்கள். ‘என்னைமுன் நில்லன்மின் தெவ்விர்’ என்ற குறளைப் பள்ளியில் படித்தபோது, வீரன் தன்னைப் பற்றித்தான் பேசுகிறான் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். அது என் + ஐ. ‘என் தலைவன் முன்னே நிற்காதீர்கள், பகைவர்களே’ என்கிறான். ஐ என்றால் தலைவன். சளிக்கும் ஐ என்று பெயர் உண்டு. வாதம், பித்தத்தோடு மூன்றாவதாகச் சித்த மருத்துவர்கள் சொல்லும் ஐயம் அதுதான். ஐவர், ஐம்பொறி என்னும்போது ஐந்து. ‘ஐ வியப்பாகும்’ என்று உரியியலில் தொல்காப்பியர் சொல்கிறார். மாம்பழத்தைக் கண்ட குழந்தை “ஐ!” என்று குதிக்கிறதே, அதற்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியவில்லை.

வெளியே போனால் இந்த ஒலி இன்னும் விரிகிறது. ஜப்பானியர்களுக்கு அது அன்பு. சீனத்திலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட ‘கான்ஜி’ எழுத்துகளில் வேறொன்றால் எழுதினால் அவுரி நீலம். வியட்நாமியரிடம் ‘யார்?’ என்ற கேள்வி. ஆங்கில எழுத்துக் காய்களை வைத்துச் சொல் ஆக்கும் ஸ்கிராபிள் ஆட்டப் பலகையில் ஏ (A), ஐ (I) என்ற இரண்டு காய்களை அடுத்தடுத்து வைத்தால் செல்லும், ஆனால் செயற்கை நுண்ணறிவு என்ற பொருளில் அல்ல. சுருக்கப் பெயர்களுக்கு அங்கே இடமில்லை. தென் அமெரிக்க மரக்கிளைகளில் தலைகீழாகத் தொங்கும் மூன்று விரல் ஸ்லாத்துக்குத் துப்பி மொழிக்காரர்கள் வைத்த பெயர் ஆங்கிலத்துக்கு வந்ததால்தான் அந்தச் சொல் செல்லுபடியாகிறது. கிடைப்பது இரண்டே புள்ளி. இருந்தாலும் கையில் உயிரெழுத்துகள் குவிந்து விழிக்கும்போது அந்தச் சோம்பேறிப் பிராணிதான் காப்பாற்றும்.

பொருள் தெரியாமலும் ஆடலாம் என்பீர்கள். உண்மைதான். நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே, பட்டியலை மனப்பாடம் செய்து, 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். மலைக்கத்தான் செய்கிறது. ஆனால் என் அக்கா மகள் பட்டத்துக்கு ஆடவில்லை. சொல் சரியென்றால் பக்கத்திலேயே ஒரு வரிப் பொருளையும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். ‘யா’ என்று போட்டால், அது ஒரு மரம், பெண் யானையின் பசி தீர்க்க ஆண் யானை அதன் கிளையின் பட்டையை உரித்துக் கொடுப்பது குறுந்தொகையில் வருகிறது என்று சொல்லுங்கள். ‘சோ’ மதில், ‘நே’ அன்பு. ஆட்டம் எளிதாகிவிடும் என்ற பயம் இருந்தால் ஓரெழுத்துச் சொல்லுக்கு அரைப் புள்ளி போதும். சண்டைக்கு வர மாட்டோம்.

கடைசியாக ஒன்று. 42இல் ‘வௌ’ என்றும் ஒரு சொல் உண்டு. கவர்ந்துகொள் என்று பொருள். ஔகாரக் குறியைத் தட்டத் தெரியாமல் பலர் ‘வெ’யோடு ளகரத்தைச் சேர்த்து ‘வெள’ என்று அடித்துவிடுவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், உங்கள் செயலிக்கு அப்படித் தெரியாது. அடுத்த பதிப்பை வெளியிடும் முன் அதையும் ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

அன்புடன்,
பதில் சொல்ல முடியாமல் விழித்த ஒரு மாமா