பிளக்கைப் பிடுங்கிச் செருகிய கைகளுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் பாலிடெக்னிக்கின் இரண்டாவது லேப் இப்போது ஹார்ட் டிஸ்க் இல்லாமல் ஓடுகிறது. பவர் பட்டனை அமுக்கினால் சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாக லினக்ஸ் இறங்கி, மாணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் லாகின் திரை வந்துவிடுகிறது. இதற்கு முட்டுக்கட்டையாக இருந்தது மதர்போர்டிலேயே பதிந்து வந்த ஒரு நெட்வொர்க் சிப். அதற்கு பயாஸில் நெட்வொர்க் பூட் வசதி கிடையாது. நெட்வொர்க் பூட்டுக்கு நாங்கள் நம்பியிருந்த ஐபிஎக்ஸ்இ என்ற நிரலுக்கும் அந்தச் சிப்பைத் தெரியாது. இப்போது தெரியும், அதற்கொரு டிரைவர் எழுதிவிட்டோம். டிரைவர் கோப்பின் தலையில் எழுதியவன் என்று என் பெயர் மட்டும் இருக்கிறது. கோப்பின் தலை அவ்வளவுதான் கொள்ளும். மற்றவர்களுக்காக இந்த மடல்.

ஐபிஎக்ஸ்இ பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. கம்ப்யூட்டரை நெட்வொர்க் வழியாக பூட் செய்வதற்கு பிஎக்ஸ்இ என்ற வழிமுறை இருக்கிறது. இன்டெல் அதன் 2.1 பதிப்பை 1999-இல் வெளியிட்டது. அதில் கோப்பு இறங்குவது டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் முறை வழியாக. அடிப்படை டிஎஃப்டிபி 512 பைட், 512 பைட்டாகத்தான் அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் 'வந்து சேர்ந்தது' என்று பதில் போக வேண்டும். ஒரு எம்பி இறங்க 2048 பதில்! ஐபிஎக்ஸ்இ அதே வேலையைச் செய்யும் திறமூல ஃபர்ம்வேர். ஆனால் எச்டிடிபி வழியாகவும் இறக்கும், ஐஸ்கஸி வட்டிலிருந்தும் (நெட்வொர்க் வழியாக எட்டும் வட்டு) பூட் செய்யும், ஸ்கிரிப்டும் எழுதலாம். எங்கள் மெஷின்களின் பின்பக்கத்தில் ஆளுக்கொரு பழைய பென்டிரைவ் செருகியிருக்கிறது. அதில் சில நூறு கேபி அளவில் ஐபிஎக்ஸ்இ மட்டும். மிச்சம் எல்லாம் கம்பி வழியாக வருகிறது.

முதல் நன்றி நான் நேரில் பார்த்திராதவர்களுக்கு. 1990-களில் மார்க்கஸ் குட்ஷ்கே, கென் யாப் போன்றவர்கள் வளர்த்த எதர்பூட்தான் இதற்கெல்லாம் மூலம். அந்தக் காலத்து நெட்வொர்க் கார்டுகளில் காலியாக ஒரு சாக்கெட் இருக்கும், நினைவிருக்கிறதா? பழைய சாமான் கடையில் இன்றைக்கும் கிடைக்கும் கார்டுகளில் பார்க்கலாம். பூட் நிரலை ஈப்ராம் என்ற நினைவகச் சிப்பில் எழுதி அந்தச் சாக்கெட்டில் சொருகுவார்கள். ஈப்ராமில் எழுதும் கருவியும் கம்பைலரும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? அதற்காகவே மார்ட்டி கானர் ரோம்-ஓ-மேட்டிக் என்று ஒரு தளம் நடத்தினார். கார்டைத் தேர்ந்தெடுத்தால் அதற்கான ரோம் கோப்பு தயாராகக் கையில் வரும். எதர்பூட் பிறகு ஜிபிஎக்ஸ்இ ஆனது. அதிலிருந்து 2010-இல் பிரிந்து வந்ததுதான் ஐபிஎக்ஸ்இ. மைக்கேல் பிரவுன் அதை வழிநடத்துகிறார். மெய்நிகர் கம்ப்யூட்டர் ஓட்டும் க்யூஎமு வைத்திருப்பவர்கள் தெரியாமலே இதை வைத்திருக்கிறார்கள். அதில் மெய்நிகர் கார்டுகளோடு வரும் பூட் ரோம் ஐபிஎக்ஸ்இ-தான். நான் பழகியதும் அந்த மெய்நிகர் இன்டெல் கார்டில்தான். (அதன் தயாரிப்பாளர் எண் 8086, இன்டெலின் புகழ்பெற்ற பழைய பிராசஸரின் பெயர். அந்தக் குறும்பை யார் செய்தார்களோ, அவர்களுக்கும் ஒரு வணக்கம்.)

அந்தத் திட்டத்தில் புதிதாக டிரைவர் எழுத வருகிறவர்களுக்காகவே எலும்புக்கூடாக ஒரு மாதிரிக் கோப்பு வைத்திருக்கிறார்கள். திற, மூடு, அனுப்பு, வந்ததா பார் என்று நாலைந்து ஃபங்ஷன், உள்ளே வேலை எதுவும் இல்லாமல். லினக்ஸ் டிரைவர்களைப் பார்த்துப் பயந்துபோன என் போன்றவனுக்கு அந்தக் கோப்பைத் திறந்ததும்தான் மூச்சு வந்தது. ஐபிஎக்ஸ்இ-யில் இன்டரப்ட் கலாட்டா, அதாவது பாக்கெட் வந்ததும் கார்டு குறுக்கிட்டுக் கூப்பிடுவது, இல்லை. தபால்காரர் மணியடிப்பார் என்று காத்திருக்காமல் நாமே வாசலுக்குப் போய்ப் போய்ப் பார்த்துவருகிற முறை. பூட் ஆகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அது போதும்.

சிப்பைத் தயாரித்தவர்களிடம் விவரக் குறிப்பேடு கேட்டேன். தரவில்லை. அதனால் லினக்ஸ் டிரைவர்தான் எனக்குப் பாடப்புத்தகம். அதை எழுதியவர்களுக்கும், அவர்களுக்கு முன்னே வழிபோட்டவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். லினக்ஸின் ஆரம்பகால ஈதர்நெட் டிரைவர்களில் ஏகப்பட்டவற்றை டொனால்ட் பெக்கர் எழுதினார். நாசாவின் காடர்ட் மையத்தில், 1994-இல் பியோவுல்ஃப் என்று மலிவு கம்ப்யூட்டர்களைக் கோத்து ஒன்றாக்கியபோது அவருக்கு அவை தேவைப்பட்டன. எதர்பூட்டின் பல டிரைவர்கள் அவருடையதைத் தழுவியவை. தன் வேலைக்கு எழுதியதை அவர் பொதுவில் வைத்ததால், எங்கேயோ இருக்கிற லேப்கள் எல்லாம் பிழைத்தன.

இனி நேரில் உதவியவர்கள்.

எங்கள் லேப் அட்டெண்டர் அக்காவுக்குத்தான் இதில் பெரிய பங்கு. டிரைவர் சில நேரம் வேலை செய்தது, சில நேரம் லிங்க் (ஸ்விட்சோடு கேபிள் இணைப்பு) வரவே இல்லை. அதே மெஷின், அதே கேபிள், அதே பென்டிரைவ். கேபிளை மாற்றினேன், ஸ்விட்ச் போர்ட்டை மாற்றினேன், நிரலில் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன். ஒன்றுக்கும் மசியவில்லை. அக்கா பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்தவர், "சார், பின்னாடி லைட்டு எரியும்போதே போட்டா வருது. லைட்டு அணைஞ்சப்புறம் போட்டா வர மாட்டேங்குது" என்றார்.

எந்த லைட்? நெட்வொர்க் போர்ட்டில் கேபிள் செருகும் இடத்தில் இருக்கிற சின்ன லைட். கம்ப்யூட்டரை ஆஃப் செய்தாலும் பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி) 5 வோல்ட்டை விட்டுக்கொண்டே இருக்கும். சிப் அரைத்தூக்கத்தில் கிடக்கும். முந்தின முறை லினக்ஸ் ஓடியபோது அதன் டிரைவர் சிப்புக்குள் எழுதிவைத்த அமைப்புகள் அப்படியே தங்கியிருக்கும். என் டிரைவர் அந்த மிச்சத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது! சாயங்காலம் லேபைப் பூட்டும்போது மெயினையே அணைத்துவிடுவதால், காலையில் முதல் பூட் மட்டும் தவறாமல் தோற்றது. லினக்ஸ் டிரைவரில் எதற்கென்று விளக்கம் இல்லாத ஒரு நீண்ட எண் பட்டியல் இருந்தது. சிப்பில் கேபிளோடு நேரடியாகப் பேசும் பிஎச்ஒய் பகுதியை எழுப்பும் பட்டியல் அது என்பது அப்போதுதான் புரிந்தது. பட்டியலை ஐபிஎக்ஸ்இ டிரைவருக்குள் கொண்டுவந்ததும் லிங்க் ஒழுங்காக வர ஆரம்பித்தது.

அதன் பிறகு சோதிக்கிற முறையையே அக்கா தன் கையில் எடுத்துக்கொண்டார். பிளக்கைப் பிடுங்குவார். லைட் முழுதாக அணையும்வரை குனிந்து பார்ப்பார். பிறகுதான் செருகுவார். நான் அவசரப்பட்டால், "இருங்க சார், இன்னும் மினுக்குது" என்பார். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு வரி என்று வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு வைத்தார். லைட் அணைந்து பூட், அணையாமல் பூட், லினக்ஸிலிருந்து ரீபூட் என மூன்று பத்தி. எந்த டெஸ்ட் ரிப்போர்ட்டும் இதைவிடத் தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை.

அடுத்து, நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கு. லிங்க் வந்த பிறகும் டிஎச்சிபி முகவரி (மெஷினுக்குத் தானாக ஒதுக்கப்படும் நெட்வொர்க் முகவரி) கிடைக்காமல் சில மெஷின்கள் கைவிட்டன. சந்தேகம் மறுபடி டிரைவர்மேல்தான் விழுந்தது. தம்பி லேப்டாப்பை எடுத்துவந்து ஸ்விட்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அது பழைய ஸ்விட்ச். லிங்க் வந்ததும் அந்தப் போர்ட்டை உடனே திறக்காது. நெட்வொர்க்கில் பாக்கெட்டுகள் வளையமாகச் சுற்றாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ விதிப்படி 15 நொடி கேட்கும், 15 நொடி கற்கும், பிறகுதான் பாக்கெட்டை விடும். அந்த 30 நொடிக்குள் ஐபிஎக்ஸ்இ கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடுகிறது. "போர்ட்ஃபாஸ்ட் போட்டுடறேன், அஞ்சு நிமிஷ வேலை" என்றார். ஸ்விட்சில் அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் அமைப்பு அது.

அதோடு முடித்திருக்கலாம். ஆனால் தம்பிக்கு மனசு கேட்கவில்லை. "ஐபிஎக்ஸ்இ-க்கு ஸ்பேனிங் ட்ரீ தெரியுமே அண்ணா, ஸ்விட்ச் அனுப்பும் பாக்கெட்டைப் பார்த்துவிட்டு அதுவே காத்திருக்கணுமே, ஏன் காத்திருக்கலை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஸ்விட்ச் 2 நொடிக்கு ஒருமுறை அந்தப் பாக்கெட்டை அனுப்புகிறது. அது மல்டிகாஸ்ட், ஒரு குழுவுக்கு மொத்தமாக அனுப்பும் வகை. சிப்பில் மல்டிகாஸ்ட்டுக்கென்று 64 பிட் வடிகட்டி ஒன்று இருக்கிறது. ஆரம்ப நிலையில் அது முழுக்க மூடியிருந்தது. லினக்ஸ் டிரைவர் அதைத் திறப்பது முற்றிலும் வேறொரு இடத்தில். 64 பிட்டிலும் ஒன்று போட்டதும், போர்ட்ஃபாஸ்ட் இல்லாத போர்ட்டிலும் ஐபிஎக்ஸ்இ பொறுமையாக நின்று முகவரி வாங்கியது. தம்பி அந்த ஐந்து நிமிஷ வேலையோடு போயிருந்தால், வேறு யாரோ எங்கேயோ அவஸ்தைப்பட்டிருப்பார்கள்.

பிழை தேட டிரைவர் காட்டும் டீபக் செய்திகள் திரையில் பறக்கும், கடைசிச் சில வரிதான் நிற்கும். இறுதியாண்டு மாணவர்கள் போனில் ஸ்லோ மோஷனில் படம்பிடித்து, ஒரு ஃப்ரேம் ஒரு ஃப்ரேமாக நகர்த்தி, சிப்பின் உள்ளே இருக்கும் ரெஜிஸ்டர் மதிப்புகளை வாசித்துச் சொன்னார்கள். ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத, மூன்றாமவர் எட்டையும் பி-யையும் குழப்பாதே என்று அதட்ட, பரீட்சைக்குக்கூட அவர்கள் இவ்வளவு ஒற்றுமையாகப் படித்ததில்லை. இந்தக் கூத்தைக் கேள்விப்பட்ட கம்ப்யூட்டர் கடை அண்ணன், மதர்போர்டின் சீரியல் பின்னில் மாட்டும் பட்டியும் கேபிளும் தேடி எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "யாரும் வாங்காம நாலு வருஷமா தூங்குது, எடுத்துட்டுப் போங்க" என்றார். அதற்குப் பிறகு எல்லாச் செய்தியும் கோப்பாகவே வந்து விழுந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய வகுப்புத் தோழி நிரலைப் படித்துத் தந்தார். ஐபிஎக்ஸ்இ-யில் அடைப்புக்குறிக்கு உள்ளே இருபக்கமும் இடம் விட்டு எழுதுவார்கள். அதைக்கூட விடவில்லை. முக்கியமாக இரண்டு விஷயம். டிஸ்கிரிப்டரில் (பாக்கெட் எங்கே இருக்கிறது என்று கார்டுக்குச் சொல்லும் குறிப்பு) 'இனி இது கார்டுக்குச் சொந்தம்' என்று காட்டும் பிட்டைப் போடும் முன், மற்ற மதிப்புகள் நினைவகத்தில் போய்ச் சேர்ந்துவிட்டன என்பதை உறுதிசெய்ய மெமரி பேரியர் (எழுதும் வரிசை மாறாமல் காக்கும் கட்டளை) வேண்டும் என்றார். அது இல்லாமலும் எங்கள் மெஷின்களில் ஓடியது என்பதுதான் அதன் ஆபத்தே.

இரண்டாவது, லைசென்ஸ். "லினக்ஸிலிருந்து என்னென்ன எடுத்தாய், பட்டியல் போடு" என்று பிடித்துக்கொண்டார். ஐபிஎக்ஸ்இ-யில் ஒவ்வொரு கோப்பிலும் லைசென்ஸ் இன்னது என்று ஒரு வரி எழுத வேண்டும். கம்பைல் செய்யும்போது, உள்ளே சேர்ந்த கோப்புகளை எல்லாம் கணக்கிட்டு மொத்தத்துக்கும் எந்த லைசென்ஸ் பொருந்தும் என்று அதனிடமே கேட்டுவிடலாம். அந்த எண் பட்டியல் லினக்ஸிலிருந்து வந்ததால் எங்கள் கோப்புக்கும் லினக்ஸின் லைசென்ஸான ஜிபிஎல் 2 மட்டும் என்று போட்டோம். இந்த அக்கறை எனக்குத் தானாக வந்திருக்காது.

துறைத்தலைவர் மேடத்துக்குத் தனியாக நன்றி. ஒரு மெஷினை மாணவர் பயன்பாட்டிலிருந்து எடுத்து மூலையில் எனக்கென்று வைக்கவிட்டார். ஆய்வுக்கு வந்தவர்கள் மூடி திறந்து கிடந்த அந்தக் கேபினெட்டைக் காட்டிக் கேட்டபோது, "அது ப்ராஜெக்ட்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார்.

எங்கள் மாற்றங்கள் அடங்கிய பேட்ச்சைத் துண்டுதுண்டாகப் பிரித்து ஐபிஎக்ஸ்இ திட்டத்துக்கு அனுப்பியாயிற்று. அங்கிருந்து கேள்விகள் வரும், திருத்தச் சொல்வார்கள். திருத்துவோம். இதே சிப் உள்ள போர்டு வைத்திருப்பவர்கள் சோதித்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஐபிஎக்ஸ்இ மாற்றக் குறிப்புகளில் 'சோதித்தவர்' என்று பெயர் போடும் வழக்கம் உண்டு. அக்காவிடம் உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். ரேஷன் கார்டில் இருக்கிற மாதிரி இனிஷியலோடு போடச் சொன்னார். பெயரோடு மின்னஞ்சலும் வேண்டுமே என்றதும், ஸ்லோ மோஷன் தம்பிகளில் ஒருவர் அங்கேயே ஒன்று உருவாக்கிக் கொடுத்தார். கடவுச்சொல்லை அக்கா அதே பதிவேட்டில் எழுதப் போனார். அதை மட்டும் வேண்டாம் என்று தடுத்துவிட்டோம்.

நன்றியுடன்,
இரண்டாவது லேப் பொறுப்பாளர்