பங்க் உச்சியில் ஒரு சின்ன வால்வு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரை சுற்றுச்சாலை பெட்ரோல் பங்க்குகளில் தொட்டியிலிருந்து மேலே ஏறும் காற்றுக்குழாயின் உச்சியில், சின்ன மூடிபோல இருப்பது அழுத்த–வெற்றிட வால்வு. தொட்டிக்குள் அழுத்தம், சுமார் 3 அங்குல உயர நீர் தரும் அழுத்தத்தைத் தாண்டினால் ஆவியை வெளியே விடும். வெற்றிடம் அதே கணக்கில் 8 அங்குலத்தை எட்டினால் காற்றை உள்ளே விடும். மற்ற நேரமெல்லாம் மூடியே இருக்க வேண்டும்.

புழுதியோ குளவிக்கூடோ அடைத்தால் சிக்கிக்கொள்ளும். மூடியபடி சிக்கினால் பம்ப் இழுக்கத் திணறும். திறந்தபடி சிக்கினால் சித்திரை வெயிலில் நாள் முழுக்க ஆவி போய்க்கொண்டே இருக்கும். அதில் புற்றுநோய் தரக்கூடிய பென்சீன் உண்டு. ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு படர்ந்து பக்கத்து டீக்கடை அடுப்புவரை போகக்கூடும்.

பெட்ரோல் இறக்க வரும் லாரியின் வால்வைத் திறக்குமுன் எர்த் கம்பியும் ஆவி திரும்பும் குழாயும் மாட்டியிருக்க வேண்டும். 5,000 லிட்டர் இறங்கினால் ஏறக்குறைய அதே கொள்ளளவு ஆவி லாரிக்குத் திரும்ப வேண்டும். சீக்கிரம் இறங்கட்டும் என்று அந்தக் குழாயை விட்டுவிட்டு, உச்சி வால்வையே கழற்றி வைப்பது பெருங்குற்றம்.

அளவு சரிபார்க்க வரும் அதிகாரிகள் ஏணி போட்டு இந்த உச்சி வால்வையும் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றி அழுத்தச் சோதனை செய்ய உத்தரவிட வேண்டும்.

பங்க் பராமரிப்புப் பணியாளர்கள்,
மதுரை